ஜகத்காரணன் அநுமானத்தில் அகப்படுவானா?

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

அவதாரிகை

திருவாய்மொழியில் எம்பெருமானுடைய பரத்வத்தை, அதாவது அவனே எல்லாவற்றுக்கும் மேலான பரம்பொருள் என்பதை, ஆழ்வார் மூன்று இடங்களில் சிறப்பாக நிலைநாட்டுகிறார் என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாஹம். முதற்பத்தின் முதல் திருவாய்மொழியில் பரத்வ நிலையிலேயே பரத்வம் பேசப்பட்டது. இரண்டாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில் அவதாரத்தில் பரத்வம் பேசப்பட்டது. நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில் அர்ச்சாவதாரத்தில் பரத்வம் பேசப்பட்டது. இம்மூன்றாவது பதிகம் ஆழ்வாருடைய அவதார ஸ்தலமான திருக்குருகூரைப் பற்றியது.

இப்பதிகத்தின் முதற்பாசுரம் ஸ்ருஷ்டியிலிருந்து தொடங்குகிறது. தேவர் முதலான எவரும், உலகமும், உயிரும் தோன்றாதிருந்த காலத்தில் நான்முகனையும் தேவர்களையும் உலகங்களையும் உயிர்களையும் படைத்தவன் ஒருவன் உண்டு. அவனே குருகூரில் நிற்கிறான். இவனை விட்டு வேறு எந்தத் தெய்வத்தைத் தேடுகிறீர்கள் என்பது அப்பாசுரத்தின் திரண்ட பொருள். ‘உலகம் உண்டு, ஆகவே அதைப் படைத்தவன் உண்டு’ என்று உலகத்தார் கூறும் வாதம் போலவே இது முதற்பார்வைக்குத் தோன்றும். ஆயினும் ஆழ்வார் செய்வது வேறு. அந்த வேறுபாட்டை உணர்ந்தால் எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் செய்த ஒரு பெரிய விசாரத்தின் அருமை விளங்கும்.

இவ்விசாரம் பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. வெளிநாடுகளில் வளரும் நம் குழந்தைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் ‘கடவுள் இருப்பதை நிரூபி’ என்ற கேள்வியை எதிர்கொள்கிறார்கள். பெற்றோர் பெரும்பாலும் ‘பானைக்குக் குயவன் உண்டு, உலகுக்கும் ஒருவன் இருக்கத்தானே வேண்டும்’ என்று விடை சொல்கிறார்கள். அந்த விடையை யாராவது கெட்டிக்காரர் உடைத்துவிட்டால், அதனோடு பகவத் விச்வாஸமும் உடைந்து போகிறது. உடைந்தது எது, உடையாதது எது என்று பிரித்தறிவது ஒவ்வொரு ஸ்ரீவைஷ்ணவனுக்கும் தேவை.

உலகெங்கும் வழங்கும் ஒரு வாதம்

காரியத்தைக் கொண்டு காரணத்தை ஊகிப்பதே இவ்வாதத்தின் வேர். நம் நாட்டில் நையாயிகர்கள் இதை மிக நுட்பமாக வளர்த்தார்கள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உதயனாசார்யர் ‘ந்யாயகுஸுமாஞ்ஜலி’ என்ற நூலையே இதற்காக இயற்றினார். பூமி, மலை, கடல் முதலியவை அவயவங்களை உடையவை. அவயவம் உடையது எதுவும் உண்டாக்கப்பட்டது. உண்டாக்கப்பட்டதற்கு அதன் மூலப்பொருளையும் கருவிகளையும் பயனையும் அறிந்த ஒரு கர்த்தா உண்டு. குடத்துக்குக் குயவன் போல. ஆகவே உலகுக்கு ஸர்வஜ்ஞனான ஒரு கர்த்தா உண்டு என்பது அவர்கள் அநுமானம்.

மேற்கிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. எம்பெருமானாரின் காலத்திலேயே, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தோன்றியது எதற்கும் காரணம் உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே அதற்குக் காரணம் உண்டு என்று வாதித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வைனஸ் ஐந்து வழிகளால் இறையிருப்பை நிறுவ முயன்றார். இன்று வானியலார் நாம் காணும் பிரபஞ்சத்தின் விரிவு ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்கிறார்கள். அதையும் இவ்வாதத்துக்குத் துணையாக்கிக் கொள்வோர் உண்டு.

ஆஸ்திகனான ஒருவன் இவற்றைக் கேட்டு மகிழ்வது இயல்பே. அவ்வாறிருக்க, பரம ஆஸ்திகரான எம்பெருமானார் இவ்வாதத்தை ஏன் மறுத்தார்?

சாஸ்த்ரயோநித்வாதிகரணம்

ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் ஸூத்ரம் ப்ரஹ்மத்தின் லக்ஷணத்தைக் கூறுகிறது. இவ்வுலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவை எதனாலோ அதுவே ப்ரஹ்மம். தைத்திரீயத்தின் ப்ருகுவல்லியில் வருணன் தன் மகன் ப்ருகுவுக்குச் சொன்னதை அடியொற்றியது இது. உடனே மூன்றாம் ஸூத்ரம், அந்த ப்ரஹ்மத்தை அறிவிக்கும் ப்ரமாணம் சாஸ்த்ரமே என்கிறது. இந்த வரிசை கவனிக்கத் தக்கது. ஜகத்காரணத்வத்தைச் சொன்னவுடன் ‘அப்படியானால் அநுமானத்தாலேயே அறியலாமே’ என்ற எண்ணம் எழும். அதைத் தடுக்கவே மூன்றாம் ஸூத்ரம் பிறந்தது என்று ஸ்ரீபாஷ்யத்தில் விளக்கப்படுகிறது.

பூர்வபக்ஷியின் கருத்து இது. வேறு ப்ரமாணத்தால் கிடைக்காததைச் சொல்லும்போதுதான் சாஸ்த்ரத்துக்குப் பயன் உண்டு. நெருப்பு சுடும் என்று சொல்ல வேதம் வேண்டியதில்லை. ஈச்வரன் அநுமானத்தாலேயே ஸித்திப்பானாகில், அவனைப் பற்றி வேதம் சொல்வது வெறும் அநுவாதமாகிவிடும்; அவ்விஷயத்தில் வேதம் ப்ரமாணமாகாது. அநுமானம் வென்றால் வேதாந்தம் தன் விஷயத்தை இழக்கிறது. இங்கே பணயமாக இருப்பது வேதாந்த வாக்கியங்களின் ப்ராமாண்யமே.

இதற்கு எம்பெருமானார் அருளிய ஸமாதானத்தின் முக்கியப் படிகளை எளிய நடையில் காண்போம்.

முதலாவது, பூமியும் மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே உண்டாக்கப்பட்டன என்பதற்கு அநுமானத்தில் ஆதாரம் இல்லை. குடங்களும் மாளிகைகளும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பேரால் செய்யப்படுவதையே காண்கிறோம். கர்த்தா உண்டு என்று ஒப்புக்கொண்டாலும் அவன் ஒருவனே என்று வராது.

இரண்டாவது, ஜீவர்களால் இவ்வளவு பெரிய செயல் முடியாது என்றும் சொல்ல இயலாது. புண்ய மிகுதியால் ஜீவர்கள் வியத்தகு ஆற்றல் பெறுவது பூர்வபக்ஷிக்கும் உடன்பாடு. ஆகவே மலைகளையும் கடல்களையும் அத்தகைய ஜீவர்கள் பலர் செய்திருக்கலாமே என்பதற்கு அநுமானத்தில் விடை இல்லை.

மூன்றாவது, நாம் கண்ட கர்த்தாக்கள் அனைவரும் சரீரம் உடையவர்கள். ஈச்வரன் சரீரமின்றிச் செய்தான் என்றால் த்ருஷ்டாந்தம் பொருந்தாது. சரீரத்தோடு செய்தான் என்றால், அந்தச் சரீரம் நித்யமா, அநித்யமா? அவயவம் உடைய அச்சரீரம் நித்யமாக இருக்கலாம் என்றால், அவயவம் உடைய உலகமும் நித்யமாக இருக்கலாம். அப்போது கர்த்தாவே வேண்டாம். அநித்யம் என்றால் அச்சரீரத்தை உண்டாக்கியது யார்? வேறொரு சரீரம் கொண்டு என்றால் அதற்கு மற்றொன்று என முடிவின்றிப் போகும்.

நான்காவது, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பவன், கண்டதன் இயல்புகளையும் சேர்த்தே பெறுகிறான். குயவனைக் கொண்டு ஊகித்த கர்த்தா, குயவனைப் போல அறிவு குறைந்தவனாகவும், ஆற்றல் குறைந்தவனாகவும், கர்மத்துக்கு வசப்பட்டவனாகவுமே கிடைப்பான். ஸர்வஜ்ஞனும் ஸர்வசக்தனும் ஸத்யஸங்கல்பனுமான ஒருவன் அந்த வழியில் வரமாட்டான்.

ஆகவே, காணும் பொருள்கள் அனைத்தினின்றும் வேறுபட்டவனும், குற்றத்தின் வாஸனையற்றவனும், எண்ணிறந்த கல்யாண குணங்களை உடையவனுமான புருஷோத்தமனைச் சாஸ்த்ரம் ஒன்றே அறிவிக்க வல்லது என்று அதிகரணம் தலைக்கட்டுகிறது.

முத்தும் தோணியும்

ஆழ்வார் அவதரித்த தாம்ரபர்ணிக் கரையின் கடற்பகுதியைக் கொண்டே இவ்வாதத்தை நாம் மனத்தில் பதித்துக் கொள்ளலாம். குருகூரைக் கடந்து ஓடும் பொருநை புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கிறது. அதன் கரையில் பாண்டியர் துறைமுகமான கொற்கை இருந்தது. இன்று கடல் விலகி அவ்வூர் உள்நாட்டில் நிற்கிறது. கொற்கைக்குப் பின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் முத்துக்குளித்தலுக்குப் புகழ்பெற்றன. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

ஒரு முத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவயவம் உடையது, ஒரு காலத்தில் இல்லாதிருந்து பின் உண்டானது, பாளம் பாளமாக அமைந்த நேர்த்தியுடையது. அப்படியானால் ஒருவன் அமர்ந்து செய்தானா? இல்லை. சிப்பியின் மென்தோல் கசியும் பொருள், உள்ளே புகுந்த ஒன்றின் மீது படிந்து படிந்து முத்தாகிறது. ஸ்வாதி நக்ஷத்ரத்தில் பெய்த மழைத்துளி சிப்பிக்குள் வீழ்ந்து முத்தாகும் என்று முற்காலக் கவிமரபு ஊகித்தது. ஊகம் அழகாக இருந்தது, உண்மையாக இல்லை.

மேலும் ஒன்று. 1973இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்குவதில் வெற்றி கண்டனர். சிப்பியினுள் ஓர் உருண்டையான கருவையும், மற்றொரு சிப்பியின் மென்தோல் துண்டையும் மனிதர் கையால் வைக்க, அதன்மேல் முத்துப் படிகிறது. இந்த முத்தும் கடலில் தானாக விளைந்த முத்தும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கரு உண்டா என்று எக்ஸ்ரே கொண்டு பார்த்தே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஒன்றில் மனிதன் கை பட்டது, மற்றொன்றில் படவில்லை. பொருளை மட்டும் பார்த்து ‘இதற்குக் குயவன் போன்ற ஒருவன் உண்டு’ என்று சொல்பவன் எதைக் கொண்டு சொல்லுவான்?

தூத்துக்குடித் தோணியையும் பாருங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் மரக்கலம் அது. பல தச்சர்கள் பல மாதங்கள் கூடி உழைத்து அதைக் கட்டுகிறார்கள். ஒருவர் கற்றதை அடுத்த தலைமுறை திருத்தித் திருத்தி வந்த வடிவம் அது. தோணி ஒன்றாக இருப்பதால் கட்டியவன் ஒருவன் என்று முடிவு செய்தால் தவறாகும். 1779இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் சமய உரையாடல் நூலில் இதே கருத்து வருகிறது: கப்பலைக் கட்ட மனிதர் பலர் கூடுகிறார்கள், உலகைச் செய்யத் தேவர் பலர் கூடியிருக்கக் கூடாதா என்று அங்கே ஒரு பாத்திரம் கேட்கிறது. மேற்கே பெரிய புரட்சியாகப் பேசப்பட்ட இந்த ஆக்ஷேபத்தை, அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முன்பே எம்பெருமானார் எடுத்தாண்டுவிட்டார். ஹியூமின் நூல் அதனால் ஐயத்தில் நின்றது. எம்பெருமானாரோ சாஸ்த்ரத்தின் திருவடிகளில் நின்றார். ஆக்ஷேபம் ஒன்றே, சேர்ந்த இடம் வேறு.

குயவனைப் பார்ப்பதும் மண்ணைப் பார்ப்பதும்

அநுமானத்தின் குறை அதன் வலிமைக்குறைவு மட்டுமன்று. அது வென்றாலும் நமக்கு வேண்டியதைத் தராது.

நையாயிகரும் மண்ணையே த்ருஷ்டாந்தமாகச் சொல்கிறார்கள். சாந்தோக்யத்தில் உத்தாலகர் மகன் ச்வேதகேதுவுக்கு உபதேசிக்கும்போதும் மண்ணையே த்ருஷ்டாந்தமாகச் சொல்கிறார். ஆனால் நையாயிகர் பார்ப்பது குயவனை. உத்தாலகர் பார்ப்பது மண்ணை. ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணாலான அனைத்தும் அறியப்படுவது போல, ஒன்றை அறிந்தால் அனைத்தும் அறியப்படும் என்கிறார் அவர். குயவனை அறிந்தால் குடங்கள் அறியப்படுவதில்லை. ஆகவே ப்ரஹ்மம் நிமித்த காரணம் மட்டுமன்று, உபாதான காரணமும் ஆகும் என்று முதல் அத்யாயத்தின் நான்காம் பாதத்திலுள்ள ப்ரக்ருத்யதிகரணம் நிர்ணயிக்கிறது.

குயவன் குடத்தைச் செய்துவிட்டுப் போய்விடலாம். அவன் மறைந்த பின்னும் குடம் இருக்கும். அநுமானத்தால் பெற்ற ஈச்வரன் இத்தகையவன். உலகுக்கு வெளியே நிற்பவன். ஒருமுறை செய்து முடித்தவன். நம் ஸித்தாந்தத்தில் எம்பெருமானோ சேதநாசேதநங்களைச் சரீரமாக உடையவன். ப்ருதிவி, ஜலம் முதலிய ஒவ்வொன்றினுள்ளும் இருந்து, அவற்றால் அறியப்படாமல், அவற்றைச் சரீரமாகக் கொண்டு நியமிப்பவன் என்று ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் கூறும். சரீரம் ஆத்மாவை விட்டு ஒரு கணமும் நில்லாதது போல, உலகம் அவனை விட்டு நில்லாது.

‘உபாதானமென்றால் ப்ரஹ்மம் விகாரம் அடையுமே’ என்று கேட்கலாம். இதற்கு முண்டகோபநிஷத் சிலந்தியை த்ருஷ்டாந்தமாகக் காட்டுகிறது. சிலந்தி தன்னிடமிருந்தே நூலை விடுகிறது, தானே உள்வாங்கவும் செய்கிறது. நம் கடற்கரைச் சிப்பியும் அப்படியே. முத்துக்குப் பொருளைப் புறத்திலிருந்து தச்சன் போலக் கொணர்ந்து சேர்க்காமல், தன் உடலிலிருந்தே கசியவிட்டு உண்டாக்குகிறது. மாறுதல் அதன் உடலில் நிகழ்கிறது. அவ்வுடலில் உறையும் ஜீவ ஸ்வரூபத்தில் நிகழ்வதில்லை. அவ்வாறே ஸூக்ஷ்ம நிலையிலிருந்து ஸ்தூல நிலைக்கு மாறும் விகாரம் எம்பெருமானின் சரீரமான சிதசித்துக்களில் சேரும். அவன் ஸ்வரூபத்தைத் தீண்டாது. த்ருஷ்டாந்தத்துக்கு எல்லை உண்டு என்பதையும் மறவாதிருப்போம். சிப்பி உறுத்தலைத் தாங்காமல், அறிவின்றி அதைச் செய்கிறது. எம்பெருமான் தன் ஸங்கல்பத்தால், லீலையாகவும், கரணகளேபரம் இழந்து கிடந்த ஜீவர்கள் மேல் க்ருபையாலும் செய்கிறான்.

இங்கே மற்றொன்றும் தெளிவாகும். ‘இல்லாதது உண்டாயிற்று’ என்பது நம் கொள்கையன்று. குருகூர்ப் பதிகத்தில் எதுவும் இல்லாதிருந்த காலம் என்று ஆழ்வார் பேசுவது, நாமரூப விபாகமின்றி அனைத்தும் எம்பெருமானிடம் ஒடுங்கிக் கிடந்த நிலையையே குறிக்கும். ஜீவர்களும் ப்ரக்ருதியும் கர்மமும் அநாதி. ஆகவே பிரபஞ்சத்துக்கு முதற்கணம் ஒன்று உண்டா என்று வானியல் எப்படி முடிவு செய்தாலும் நமக்குக் குறையில்லை. உண்டென்றால் அது ஒரு ஸ்ருஷ்டியின் தொடக்கம். அதற்கு முன்னும் ஸ்ருஷ்டி ப்ரளயங்கள் உண்டு. நம் விச்வாஸம் ஒரு கணக்கீட்டின் விடையைச் சார்ந்து தொங்குவதில்லை.

ஆக்ஷேபங்களும் ஸமாதானமும்

இவ்விடத்தில் எழும் மூன்று கேள்விகளைக் காண்போம்.

*ஸ்ரீபாஷ்யத்திலேயே வேறிடத்தில் எம்பெருமானார் இதே அநுமானத்தைக் கொள்ளவில்லையா?* இரண்டாம் அத்யாயத்தின் இரண்டாம் பாதத் தொடக்கத்தில், அசேதநமான ப்ரதானம் சேதநன் ஒருவனின்றித் தானே உலகாக அமையாது என்று ஸாங்க்யரை மறுக்கும்போது மாளிகை, தேர் போன்ற த்ருஷ்டாந்தங்கள் வருகின்றன. உண்மையே. அங்கே ஸாங்க்யர் யுக்தியால் தம் பக்ஷத்தை நிறுவ வந்தார்; யுக்தியாலேயே அவர் பக்ஷம் விழுந்தது. ஒரு பக்ஷத்தைத் தள்ள யுக்தி போதும். பரமபுருஷனை ஸ்தாபிக்க அது போதாது. ஆளவந்தாரும் ‘ஸித்தித்ரய’த்தின் ஒரு பகுதியான ஈச்வரஸித்தியில் மீமாம்ஸகரின் ஆக்ஷேபங்களுக்கு எதிராக யுக்திகளை விரிவாக எடுத்தாள்கிறார், நமக்குக் கிடைத்த அளவில் அந்நூல் முற்றுப்பெறவில்லை. தர்க்கம் சாஸ்த்ரத்துக்குக் கைங்கர்யம் செய்யும் கருவி. சாஸ்த்ரத்தின் ஆஸனத்தில் அமரத் தக்கதன்று.

*அப்படியானால் இது குருட்டு நம்பிக்கை ஆகாதா?* ஆகாது. கரையில் நிற்பவன் எவ்வளவு கூர்மையான புத்தியுடையவனாயினும், கடலடியில் எந்தப் பாரில் சிப்பி செழித்திருக்கிறது என்பதை அலைகளைப் பார்த்து ஊகிக்க முடியாது. பல ஆண்டுகள் வளம் தந்த பார்கள் திடீரென வெறுமையாகி, மீண்டும் செழித்த வரலாறு இக்கடலுக்கு உண்டு. முழுகி எழுந்தவன் சொல்லக் கேட்டே கரையிலுள்ளவன் அறிகிறான். அதைக் குருட்டு நம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை. கண்ணுக்கும் ஊகத்துக்கும் எட்டாத விஷயத்தில், நம்பத் தக்க சொல்லே ப்ரமாணம். இங்கும் ஒரு வேறுபாடு உண்டு: முழுகியவன் தவறாகக் காணலாம், பொய்யும் சொல்லலாம். வேதமோ ஒருவர் இயற்றியதன்று. ஆகையால் இயற்றியவரின் மயக்கமும் வஞ்சனையும் அதில் புக இடமில்லை.

*வேதத்தையே ஏற்காதவனுக்கு என்ன சொல்வது?* அவனிடம் சொல்லத் தக்கது ஒன்று உண்டு. ஈச்வரன் உண்டு என்று ஊகத்தால் நிறுவ இயலாதது போலவே, இல்லை என்றும் ஊகத்தால் நிறுவ இயலாது. கண்ட கர்த்தாக்களின் குறைகளைக் காட்டி ‘இத்தகைய ஒருவன் இல்லை’ என்பவனும், கண்டவற்றைக் கொண்டே காணாததை அளக்கிறான். முதல் திருவாய்மொழியின் ஒன்பதாம் பாசுரத்தில் ஆழ்வார் சூந்யவாதியை இவ்வழியே எதிர்கொள்கிறார். உண்டு என்றாலும் அவன் உளன். இல்லை என்றாலும் அவன் உளனே என்பது அங்குள்ள நயம். நம் தர்சனத்தில் ‘இல்லை’ என்பது சூந்யத்தைக் குறிக்காது. குடம் இல்லை என்றால் மண் வேறு நிலையில் இருக்கிறது என்றே பொருள். ஒன்றின் இன்மை மற்றொரு நிலையின் உண்மையே. ஆகவே ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு சொற்களும் உள்ள ஒரு பொருளையே பற்றி நிற்கின்றன. உருவாயும் அருவாயும் இருப்பவை அனைத்தும் அவனுக்குச் சரீரமாகின்றன.

ஆழ்வாரின் ப்ரமாணம்

அதே பதிகத்தின் ஏழாம் பாசுரத்தில், பூதங்கள் அனைத்துமாகி, உடலினுள் உயிர்போல எங்கும் மறைந்து பரந்தவன் என்று சரீராத்ம பாவத்தைச் சொன்ன ஆழ்வார், அத்தகையவன் சுருதியில் விளங்குகிறான் என்று ப்ரமாணத்தையும் அங்கேயே காட்டியருளுகிறார். எங்கும் பரந்திருந்தும் மறைந்திருப்பவனைக் கண்டுபிடிக்க வேதமே விளக்கு. ஸூத்ரகாரர் இரண்டாம் மூன்றாம் ஸூத்ரங்களில் செய்ததை ஆழ்வார் ஒரே பாசுரத்தில் செய்தருளினார்.

மதுரகவியாழ்வாரின் வைபவமும் இதையே காட்டுகிறது. திருக்கோளூரில் அவதரித்த அவர் வடக்கே அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஒரு ஜோதியைக் கண்டார். அதைப் பின்பற்றி நெடுவழி நடந்து குருகூர் வந்தார். அங்கே ஜோதி மறைந்தது. புளியமரத்தடியில் கண்மூடி வீற்றிருந்த சடகோபரைக் கண்டு, உணர்வு உண்டோ என்று அறிய ஒரு கல்லைக் கீழே போட்டார், கண்கள் திறந்தன. பின் கேள்வி கேட்டார்; ஆழ்வார் திருவாய் மலர்ந்தார். ஜோதி மதுரகவிகளைக் குருகூர் வரை கொணர்ந்தது, தத்வத்தைத் தரவில்லை. தத்வம் ஆழ்வாருடைய சொல்லிலிருந்தே கிடைத்தது. உலகின் அழகையும் ஒழுங்கையும் கண்டு ‘ஏதோ ஒன்று உண்டு’ என்று நெஞ்சு நெகிழ்வது அந்த ஜோதி போன்றது. அதை இகழ வேண்டாம். அதுவே முடிவு என்று அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம்.

குருகூரில் நிற்பவன்

ஜகத்காரணனே தியானிக்கத் தக்கவன் என்பது அதர்வசிகையின் தீர்ப்பு. ஆகையால் காரணன் யார் என்ற ஆராய்ச்சி அறிவின் விளையாட்டன்று. யாரைப் பற்றுவது என்பதே கேள்வி. அநுமானம் தரக்கூடிய கர்த்தாவுக்குத் திருநாமம் இல்லை, திருமேனி இல்லை, அவனுக்கு ஓர் ஊர் இல்லை. அவனிடம் அடைக்கலம் புக முடியாது. அவன் ‘அஞ்சாதே’ என்று சொல்லமாட்டான்.

ஆழ்வார் காட்டும் காரணனுக்கு ஊர் குருகூர். மூலவரின் திருநாமம் ஆதிநாதன். உத்ஸவர் பொலிந்துநின்ற பிரான். ஆதிகாரணனாக இருப்பவனே அர்ச்சாரூபியாய், நம் கண்ணுக்கு இலக்காய், நாம் இட்ட மாலையை ஏற்று நிற்கிறான். பரத்வத்தின் எல்லையும் ஸௌலப்யத்தின் எல்லையும் ஓரிடத்தில் சந்திப்பதே இப்பதிகத்தின் உயிர். ஆகவேதான் ஆழ்வார் ‘உலகம் உண்டு, ஆகவே ஒருவன் இருக்க வேண்டும்’ என்று வாதிக்காமல், படைத்தவன் இதோ நிற்கிறான் என்று விரலால் சுட்டுகிறார். சொன்னவர் மயர்வற மதிநலம் பெற்றவர். காட்டப்பட்டவன் சந்நிதியில் நிற்பவன்.

குழந்தைகள் கேட்கும்போது குயவன் உவமையைச் சொல்லக்கூடாது என்பதன்று. அது வாசற்படி என்று சொல்லிக் கொடுப்போம். படி தேய்ந்திருக்கிறது என்று யாரேனும் காட்டினால் கலங்க வேண்டியதில்லை. நம் ஆசார்யரே அதை முன்னமே காட்டியிருக்கிறார். படியைக் கடந்து உள்ளே அழைத்துச் சென்று, வேதமும் ஆழ்வாரும் சொன்னவனை, அவன் திருநாமத்தோடும் திருமேனியோடும் சேவிக்கச் செய்வோம். ‘அவன் இருக்கிறானா’ என்று கேட்ட நெஞ்சு, ‘இவனை விட்டு எங்கே போவேன்’ என்று சொல்லும் நிலையை அங்கேதான் அடையும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.